அடைப்பு

"அந்த மெக்கானிக் இன்னிக்கும் வந்திருக்காரா?"

போனில் நாத்தனார் கேட்ட தொனியே அவளைச் சுட்டது.

"ஆமா அண்ணி. ஜெனரேட்டரைப் பாக்குறார்."

"ரிப்பேரா?"

"இல்ல..."

"ரிப்பேரே இல்லாம மாசாமாசம் எதுக்கு வர்றார்? என் தம்பி வேலைக்குன்னு வெளியூர்ல கிடக்கான். உங்க எதிர்வீட்டுக்காரங்க என்கிட்டயே கேக்குறாங்க. எனக்கு மானம் போகுது."

போனை வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. உள் அறையில் மாமியார், மூக்கில் குழாயோடு ஆக்ஸிஜன் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தாள். இரண்டு வருஷமாக இவள் வாசல் தாண்டுவதே மருந்துக் கடைக்குத்தான். அதற்கு இந்தப் பேச்சு!

விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள்.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த குட்டிப் பித்தளை ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா, இன்ஜினுக்குப் பெட்ரோல் போற வழியே இந்த ஊசி முனை அளவு ஓட்டைதான். பெட்ரோல் பழசாகிப் பிசினாட்டம் இதுல ஒட்டிக்கிச்சுன்னா, அப்புறம் தலைகீழா நின்னாலும் ஸ்டார்ட் ஆகாது. ஓட்டி முடிச்சா பெட்ரோல் டேப்பை மூடிடுங்க. உள்ள இருக்கிறது தீர்ந்து இன்ஜின் தானா நிக்கட்டும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"அடுத்த மாசமும் சொல்வேன்."

"வேண்டாம்ண்ணா." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே வராதீங்க. கெட்டுப்போனா நாங்களே கூப்பிடுறோம். நாலு பேர் நாலு விதமா பேசுறாங்க."

அவர் கோபப்படவில்லை. ஜெட்டைத் துணியில் துடைத்தார்.

"சரிம்மா. அப்ப இதைக் கழட்டி மாட்ட நீங்களே கத்துக்கிடுங்க. பத்து நிமிஷ வேலைதான். கத்துக்கிட்டா நான் இந்தப் பக்கமே வரலை."

"ஊர்ல எத்தனையோ வீட்டுல ஜெனரேட்டர் இருக்கு. எங்க வீட்டுக்கு மட்டும் ஏண்ணா இப்படி ஓடி வர்றீங்க?"

அவர் தலையைத் திருப்பி, மாமியார் இருந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார்.

"என் சம்சாரமும் இதே மெஷின்லதாம்மா மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் கயிறை இழுத்தேன், இழுத்தேன்... கை கிழிஞ்சதுதான் மிச்சம்."

அவர் ஜெட்டை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஊர்ல இருக்கிற இன்ஜினையெல்லாம் சுத்தம் பண்ணிக் கொடுத்தவன்மா நான். என் வீட்டு ஜெனரேட்டரை மட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம் நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஆறு மாசம் தொடாம விட்டுட்டேன்."