பெரிஸ்கோப்பில் தெரிந்த திசை

பத்திரிகை அட்டைகளில் சிரிக்கும் பெண்களை வரைந்து பேர் வாங்கிய புரூயிட், போர் வந்ததும் பால்டிமோரில் எங்களோடு கப்பல்களுக்குக் கோணல் பட்டைகள் வரைய வந்தான். அந்தப் பட்டைகளால் கண் குழம்பி, கப்பல் போகும் திசை எதிரியின் நீர்மூழ்கிக்குப் பிடிபடக்கூடாது. மாதிரிக் கப்பலை மேசையில் வைப்போம்; அதிகாரி ஹாலக் பெரிஸ்கோப் வழியாகப் பார்த்துத் திசை சொல்வார். தப்பாகச் சொன்னால் பட்டை தேறிவிடும்.

புரூயிட் பட்டை போட்ட ஒரு கப்பல் போன வாரம் மூழ்கியது. அதே பட்டையை, என் தம்பி கரி அள்ளும் கப்பலுக்கும் அவன் கொண்டுவந்தான்.

அதன் மாதிரியை நான் தூக்கியதும் அழுகிய மீன் நாற்றம்; மூக்கைப் பொத்தினேன். தண்ணீரையே பார்த்திராத மரக்கட்டையின் அடியில் கொழகொழவென்று பாசி.

"மூக்கப் பொத்திக்கிட்டு வேலையப் பாருங்க, மகாராணி!" புரூயிட் பாசியை வழித்துப் போட்டுவிட்டு, அதே விரல்களால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான்.

ஹாலக் வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கமும் போகல. முங்கிக்கிட்டிருக்கு. மேல ஆளுங்க நிக்கிறாங்க."

"தப்பு சார்! அது வடக்கப் பாத்து நிக்குது!" புரூயிட் கைதட்டினான்.

"வேணாம் சார், அதுல என் தம்பி இருக்கான்," என்றேன்.

"தப்பாத்தானேம்மா சொன்னேன்? அப்பத் தேறிடுச்சு." ஹாலக் என்னைப் பார்க்காமல் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை தம்பியின் கப்பலுக்குப் பட்டை பூச ஆரம்பித்தார்கள்.