பப்பாளிக்காய்ச் சட்னி

"வாடை உங்க வூட்லேர்ந்துதான் சார் வருது," என்றார் ஏட்டு தட்சிணாமூர்த்தி, சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு.

சத்தியநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் யாரோ சாராய ஊறல் போட்டிருக்கிறார்கள், வாடை குடலைப் புரட்டுகிறது என்று நேற்றுச் சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொன்னதே அவர்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி வேறு. அவர் வீட்டிலேயே சோதனை என்று பேச்சுக் கிளம்பினால் மானமும் போகும், வேலையும் போகும்.

அவர் மனைவி மெட்டில்டா சாவதானமாக வந்தாள். "உள்ள வந்தே பாத்துடுங்க ஏட்டய்யா."

அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பப்பாளிக்காய், உலர்ந்த திராட்சை, வெல்லம், இஞ்சி, பூண்டு, எல்லாவற்றுக்கும் மேலே தாராளமாக வினிகர். மூடியைத் திறந்ததும் ஆவி மூன்று பேர் கண்ணையும் கரிக்க வைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பழச் சட்னி செய்கிறேன், பாட்டிலில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, வினிகர் கொதித்தால் புளித்த வாடை தெருக்கோடி வரை போகத்தான் செய்யும் என்று அவள் விளக்கினாள்.

ஏட்டு நம்பவில்லை. வெல்லமும் திராட்சையும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் அவர் உத்தியோகத்தில் அதற்கு வேறு அர்த்தம். மூலையில் இருந்த மரப்பெட்டியின் மேல் சட்டமாக உட்கார்ந்துகொண்டு பாத்திரத்தையே பார்த்தார்.

சத்தியநாதன் பதறிப்போனார். "ஏட்டய்யா, எங்க வீட்ல காப்பிகூடக் கெடையாது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் இவ செய்யற திராட்சரசம் ரெண்டு டம்ளர் குடிப்பேன். அதோட சரி."

"திராட்சைல ரசமா?" ஏட்டு முகத்தைச் சுளித்தார். "நமக்கு மொளகு ரசம்தான் சார் ஒத்துக்கும்."

மெட்டில்டா அவசரமாக ரொட்டித் துண்டு ஒன்றில் சட்னியைத் தடவி நீட்டினாள். முதலில் நுனிநாக்கால் தொட்டுப் பார்த்த ஏட்டு, இரண்டாவது துண்டைத் தானே கேட்டு வாங்கினார். மூன்றாவதில் வந்த வேலையையே மறந்தார். கிளம்பும்போது அவர் கையில் ஒரு பாட்டிலும் இருந்தது.

"சட்னி வாடைக்கா சார் ஸ்டேஷன் வரிக்கும் வந்தீங்கோ? நல்லா பேஜார் பண்ணிட்டீங்க," என்று சிரித்தபடி சைக்கிளில் ஏறினார்.

சத்தியநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாத்தியார் புத்தியும் வந்தது.

"ஏன் மெட்டில்டா, சட்னி இன்னிக்குக் காலையிலதானே அடுப்புல ஏறிச்சு? அப்ப நேத்து அடிச்ச வாடை?"

"நீங்க போலீஸ்ல சொல்லிட்டு வந்தேன்னு பெருமையா சொன்னதும்தான் பப்பாளிக்காயைப் பறிக்க ஓடினேன்," என்றபடி அவள் ஏட்டு உட்கார்ந்திருந்த மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே, சாக்குச் சுற்றிய ஜாடி ஒன்று நுரைத்துக்கொண்டிருந்தது. "வருஷா வருஷம் ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு, ராத்திரி பூரா நிறுத்தாம கீர்த்தனை பாடறீங்களே, அந்தத் திராட்சரசம் இதுதாங்க."