நல்ல இடுக்கி ஒன்று

"வீட்டுக்காரிக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன்மா. இருட்டுறதுக்குள்ள திரும்பக் கொண்டுபோய் வச்சிடணும்" என்றபடி, துண்டில் சுற்றியிருந்த கீபோர்டை மேசைமேல் இறக்கினார் பெரியவர்.

கடைக்காரி இன்சுக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோங்சான் மின்சாதனச் சந்தையில் கணினிக் கீபோர்டு கடை போட்ட நாளிலிருந்து மனைவிக்குத் தெரியாமல் வாங்குகிறவர்கள், மனைவிக்குத் தெரியாமல் விற்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டாள். இந்த வயதில் ஒருவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"உங்களோடதா ஐயா?"

"எங்க பையன் கியுஹோவோடது. செல்போன்ல தொடர்கதை வருமே, அது எழுதுறவன். பொத்தானுக்கு அடியில இருக்குற ஸ்விட்சைப் பிடுங்குற இடுக்கி ஒண்ணு வேணும்மா. நல்லதா பாத்துக் குடு."

கோட்டுப் பையிலிருந்து மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். கீபோர்டோடு இலவசமாகப் பெட்டிக்குள் வருவது. செத்துப்போன சில ஸ்விட்சுகளை மாற்றலாமென்று அதைக் கொண்டு பிடுங்கப்போய், ஸ்விட்ச் ஒன்றின் கொக்கி உடைந்து கையோடு வந்துவிட்டதாம்.

"இது தகரத்தை வளைச்சுச் செஞ்சது ஐயா. இதால பிடுங்கினா உடையாம என்ன செய்யும்? வழுக்கி வழுக்கி அடித்தகட்டையும் கீறி வச்சிருக்கு பாருங்க. பேசாம புது ஸ்விட்ச் தர்றேன், மொத்தமா மாத்திடுங்க. வேலை முடிஞ்சுது."

"ஐயோ, புதுசு வேணாம்மா. சத்தம் மாறிடும்."

"மாறினா என்ன?"

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரிக்கு மறதி நோய்மா. காலையில சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறா. ஆனா பக்கத்து ரூம்ல இந்தச் சத்தம் கேட்டாத்தான் கண்ணை மூடுவா. ஒருநாள் வேற கீபோர்டுல தட்டினதுக்கு, எந்திரிச்சு வெறுங்காலோட பனியில இறங்கிட்டா. தேடிப் பிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

இன்சுக்கின் சிரிப்பு போய்விட்டது. அவர் கொண்டுவந்த வகை ஸ்விட்சை இப்போது யாரும் செய்வதில்லை. வலப்பக்கத்து எண் பொத்தான்களுக்கு அடியில் சும்மா கிடப்பதைப் பிடுங்கி, செத்துப்போன ஸ்விட்சுகள் இருந்த இடத்தில் செருக வேண்டியதுதான். அப்படிப் பிடுங்கும்போது உடைந்தால் உடைந்ததுதான், வேறு கிடைக்காது.

அவளுக்கு அந்தப் பையன்மேல் எரிச்சலாக வந்தது. பெற்ற தாய் அந்த நிலையில் இருக்கிறாள், வயதான தகப்பன் கொட்டுகிற பனியில் பஸ் ஏறி வந்திருக்கிறார். இவன் என்ன பிள்ளை?

"துரைக்கு எந்திரிச்சு வர முடியலையாக்கும்?"

பெரியவர் அவள் கொடுத்த காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இன்சுக் தூரிகையை எடுத்துக் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். நடு வரிசைப் பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. மூலையில் இருந்த அழிக்கும் பொத்தானும் நன்றாகத் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் அதன்மேல் தூசி படிந்து கிடந்தது.

"எழுத்தாளருங்க அதிகமா அடிக்கிறதே இதைத்தான். உங்க பையன் இப்பல்லாம் எழுதினதை அழிக்கிறதே இல்லையா? அவ்வளவு பெரிய மேதை ஆயிட்டாரா?"

"அழிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவர், காப்பியைப் பார்த்தபடி.

அவள் மூன்று இடுக்கிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். முதலாவது பார்க்க அழகு, ஆனால் நுனி தடிமன், பொத்தான்களுக்கு நடுவே இறங்காது. இரண்டாவது முரட்டு இரும்பு. அழுத்தி அழுத்தி அவர் கை வலிக்கும், சட்டென்று விட்டால் எகிறும். மூன்றாவதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதை எடுத்துக்கோங்க. ஒரே துண்டு எஃகு, நுனி மெலிசு. விரலால தடவிப் பாருங்க, ஓரம் குத்துதா?"

"இல்லை."

"குத்தலைன்னா கீறாது. ஸ்விட்சுல மேல ஒரு கொக்கி, கீழ ஒரு கொக்கி இருக்கு பாருங்க. ரெண்டையும் ஒண்ணா அழுத்துங்க. அப்புறம் நேரா மேல தூக்குங்க. சாய்ச்சீங்கன்னா காலு வளைஞ்சிடும்."

பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார், தூக்கினார். ஸ்விட்ச் முழுசாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்க்க இன்சுக்குக்குப் பொறுக்கவில்லை. ஒன்றுக்கே இவ்வளவு பாடு, இவர் இன்னும் எத்தனை பிடுங்குவது? வீட்டில் இளம்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

"போனைப் போடுங்க ஐயா உங்க பையனுக்கு. எப்படிப் பிடுங்கணும்னு நான் அவருக்குச் சொல்லிக்கிறேன். நல்லா நாலு வார்த்தை கேக்கவும் வேண்டியிருக்கு. நீங்க ஏன் இந்த வயசுல கெடந்து அல்லாடணும்? ராத்திரி பூரா தட்டுறவருக்குத் தெரியணும் இதோட அருமை."

பெரியவர் போனை எடுக்கவில்லை. ஸ்விட்சை மெதுவாக மேசைமேல் வைத்தார். இடுக்கியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கே சொல்லிக்குடும்மா. கியுஹோவைப் பறிகொடுத்ததுலேர்ந்து தட்டுறது நான்தான்."