உள்ளே இருப்பவர்

மீன்வலைக் கடையின் கணக்கு மென்பொருள் திறக்க மறுத்தது. நாளைக்குள் வரிக்கணக்கு காட்டியாக வேண்டும். பழுதுபார்க்க வந்த ஜெரின், சேதமான கணக்குக் கோப்பை ஒருவழியாக மீட்டுவிட்டான். ஆனாலும் திரையில் ஒரு வரி மட்டும் பிடிவாதமாக நின்றது: 'அந்தோணி உள்ளே வேலை செய்கிறார். அவர் வெளியேறும் வரை காத்திருக்கவும்.'

“அந்தோணி யாருக்கா?”

கடைக்காரி விர்ஜினின் முகம் மாறியது. “எங்க வீட்டுக்காரரு. ஈஸ்டருக்கு முந்தி தவறிட்டாரு. கணக்கு எழுதிட்டு இருந்தப்பதான், இதே நாற்காலியில. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கடையைத் தொறக்கேன்.”

எழுந்துவிடத் துடித்த கால்களை ஜெரின் அடக்கிக்கொண்டான். “கணக்கை மூடாம விட்டதுல அவரு பேரு உள்ள மாட்டிக்கிச்சுக்கா. அழிச்சிரட்டுமா?”

“அழிக்காத மக்கா.”

அவள் திரையருகே குனிந்து, தினமும் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: “போதும், எழும்புங்க. சோறு ஆறிப்போவுது.”

அந்த வரி மறைந்தது. கணக்கு திறந்துகொண்டது. ஜெரினின் கைகள் அவன் மடியில்தான் இருந்தன.

விர்ஜின் திரையைப் பார்க்கவில்லை. யாரோ கடந்துபோக இடம் கொடுப்பவளைப்போல வலைக்கட்டுகளோடு ஒட்டி ஒதுங்கி நின்றாள்.