பேப்பரில் வந்த பேச்சு

“இந்தத் தபாவும் நீங்கதான் நிக்கணும்னு சங்கத்து ஆளுங்க வாசல்ல காத்துகினு கீறாங்க. இன்னா சொல்றது?” என்று கேட்டாள் ஜன்னத்.

அவள் கணவர் அமீருதீனை ராயபுரத்தில் தெரியாதவர் இல்லை. ஹார்பரில் மூட்டை சுமப்பவர்களுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக ஓடி நிற்பார். ஐம்பத்திரண்டாம் வருஷத்து எலக்சனில் நின்று தோற்றிருந்தார்.

“எனக்கு இன்னா பேச வரும், ஜன்னத்து?”

“பேப்பர்காரனே எழுதிக்கீறானே!”

டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சளேறிய பேப்பர் ஒன்றை எடுத்தாள். அந்த எலக்சன் நாட்களில் கூட்டம் முடிந்து அவர் சோர்ந்து வந்து உட்காரும்போதெல்லாம், எழுத்துத் தெரியாத அவருக்கு அவள்தான் படித்துக் காட்டுவாள். மறுநாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்புவார்.

“‘அமீருதீனின் குரல் கடல் இரைச்சலையும் அடக்கியது. கபடமே இல்லாத மனிதர்.’ கேட்டீங்களா?”

அமீருதீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அன்று போலவே இன்றும் உடம்பு சிலிர்த்தது.

சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க அவர் கற்றுக்கொண்டு ஆறு மாதமாகிறது. அவளிடம் சொல்லவில்லை. முதன்முதலில் ஆசை ஆசையாய் எடுத்துப் படித்தது இந்தப் பேப்பரைத்தான். ‘வேட்பாளர் திக்கித் திணறினார். மேடைக்கு லாயக்கற்றவர்’ என்று அதில் போட்டிருந்தது.

“நிக்கிறேன்னு சொல்லிடு” என்றார். “அதுக்கு முன்னாடி, இன்னொரு தபா படி.”