லெஸ்டரின் குளுகுளு நிலவறை

“பார்த்து வா மச்சான், இடிச்சுராத. பலகை மூலை உடைஞ்சா அந்தச் சந்து போதும், வெக்கை உள்ள பூந்துரும்” என்றான் டெல்மர், தலையில் தெர்மோகோல் பலகைகளோடு படியிறங்கிக்கொண்டே.

பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்த லெஸ்டர், “நீ பார்த்து நட” என்றான். வீடு அவனுடையது. வேலைதான் தெருக்காரர்களுடையது.

அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில், அந்தத் தெருவில் நிலவறை உள்ள ஒரே வீடு லெஸ்டருடையது. அது அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பிடித்த சனியனாகவும் இருந்தது. சுழல்காற்று வருகிறதென்று ஊர்ச்சங்கு ஊதினால் போதும், தெருவே அவன் சமையலறை வழியாகக் கீழே இறங்கிவிடும். வெல்மா அக்கா நாயோடு வருவாள். டெல்மர் பொரித்த கோழியோடு வருவான். காற்று வேறு பக்கம் திரும்பிப் போன பிறகும், ஆட்டம் பாதியில் இருக்கிறதென்று சீட்டைக் கீழே வைக்க மாட்டார்கள்.

“என் வீடு என்ன சத்திரமா?” என்று மனைவி நடீனிடம் பொருமுவான் லெஸ்டர். உயிருக்குப் பயந்து வருகிறவர்களை எப்படிப் போகச் சொல்வது என்பாள் அவள்.

அந்த நிலவறையில் பெரிய டிவி வைத்து, சாய்வு நாற்காலி போட்டு, ஒண்டியாகக் கால்பந்து பார்க்க வேண்டும். லெஸ்டரின் வாழ்நாள் ஆசையே அவ்வளவுதான். கோடையில் கீழே நிற்க முடியாத புழுக்கம். வடக்கே மிச்சிகனில் இருக்கும் மைத்துனன் பேச்சைக் கேட்டுப் போன வருஷம் சுவர்களில் பஞ்சை அடைத்து, அதன்மேல் பாலிதீன் தாளை இழுத்து ஒட்டினான். அது பனி கொட்டும் ஊருக்கான வைத்தியம். இங்கே ஜூலை மாதத்தில் தாளுக்குப் பின்னால் சுவர் வியர்த்தது, பஞ்சு ஊறியது, பூஞ்சை படர்ந்தது. நாற்றம் தாங்காமல் வெல்மா அக்காவின் நாய்கூட உள்ளே வர மறுத்துவிட்டது.

எல்லாவற்றையும் பிய்த்துப் போடச் சொன்னவன் டெல்மர். கான்கிரீட் சுவரிலேயே தெர்மோகோலை ஒட்டி, இணைப்புகளில் ஒட்டுநாடா போட்டு, ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்றை மூலையில் வைத்தால் போதும் என்றான். நாமெல்லாம் உட்காருகிற இடம்தானே என்று தெருவே கைகொடுத்தது. லெஸ்டர் சிரித்த முகமாகப் பன்றிக்கறியும் ஐஸ் போட்ட இனிப்பு டீயும் கொடுத்தான். உட்கார்கிற இடம் யாருடையது என்பதை அவன் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான்.

வேலை முடிந்த மறுவாரம் சமையலறையிலிருந்து இறங்கும் வாசலுக்கு இரும்புக் கதவு வந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம். நடீனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சங்கு ஊதுறப்ப கதவைச் சாத்திக்குவியா? அவங்க எங்க போவாங்க?”

“நிலவறை இல்லாத வீட்ல எல்லாம் என்ன பண்றாங்க? குளியல் தொட்டியில படுத்து மெத்தையைத் தலைமேல போட்டுக்கிறாங்க. இவங்களும் படுக்கட்டும்.”

“இதுதான் நீ குடுக்குற கூலியா?”

“அதான் பன்னிக்கறி போட்டேனே.”



நவம்பரில் ஒரு சனிக்கிழமை. நடீன் தூரத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மாதத்துக்குப் பொருந்தாத புழுக்கம். வானம் பச்சையாகக் கறுத்தது. கால்பந்து ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் சங்கு ஊதியது. பீரும் வறுவலும் எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிய லெஸ்டர், மறக்காமல் தாழ்ப்பாள் போட்டான்.

சற்று நேரத்தில் மின்சாரம் போனது. இருட்டிலும் அறை குளுகுளுவென்று இருந்தது. டெல்மர் கெட்டிக்காரன்தான் என்று ஒப்புக்கொண்டான், அதற்கு மேல் எதுவும் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

திடீரென்று மேலே தடதடவென்று ஓர் அதிர்வு. கூரைப்பலகையெல்லாம் ஆடியது. டெல்மர் கனத்த ஆள், கதவை உதைக்கிறான் போல என்று நினைத்தான் லெஸ்டர்.

“உதைடா, நல்லா உதை. இரும்புக் கதவு” என்று நாற்காலியில் இருந்தபடியே கத்தினான்.

பிறகு அமைதி. தொட்டிக்குப் போய்விட்டார்கள். வெல்மா அக்கா அந்த வயதில் தொட்டியில் எப்படிப் படுப்பாள் என்று ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. அடுத்த பீரைத் திறந்தான், உறுத்தல் நின்றது.

ஆனால் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்தமுறை நிற்கவேயில்லை. இடிக்கிறார்கள், இழுக்கிறார்கள். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் “லெஸ்டர், லெஸ்டர்” என்று டெல்மரின் குரல். நாய் வேறு குரைத்தது.

“இடமில்லடா. ஓசியில வந்து ஒக்காந்து பழகிட்டீங்க. ஒருத்தனும் உள்ள வரக்கூடாது, போங்க.”

போகவில்லை. கதவில் கடப்பாரை உரசும் சத்தம் கேட்டதும் லெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுக்கதவு. டார்ச்சை எடுத்துக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறாற்போல் நாலு கேள்வி கேட்க வேண்டுமென்று தடதடவென்று படியேறி, தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தான்.

சமையலறை இருந்த இடத்தில் வானம் இருந்தது.

தெருவில் மற்ற வீடுகளெல்லாம் அப்படியே நிற்க, மலையாகக் குவிந்துகிடந்த அவன் வீட்டு உத்தரங்களைத் தெருவே கைமாற்றி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கையெல்லாம் ரத்தமாக நின்ற டெல்மர் கடப்பாரையைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“எவ்வளவு நேரமாக் கூப்பிடுறோம், உள்ளேருந்து ஒரு வார்த்தை வெளிய கேக்கலையேடா.”