ஒரு கேள்வியையும் விடக் கூடாது

"ஆ" என்று இழுத்த டீச்சரின் குரல் ஒன்பதாவது நொடியில் அறுந்தது.

தொண்டை மேடம் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்கினாள். மூன்று மாதத்துக்கு முன்பும் ஒன்பதுதான். இன்றும் ஒன்பதுதான்.

போச்சு.

மருத்துவமனையில் எல்லாரும் அவளைத் தொண்டை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் கெட்டுப்போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அதை ஒரு வேலையாக மதித்தவர் அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வெந்நீர் குடித்தால் சரியாகிற விஷயத்துக்கு ஒரு தனி அறை கேடா என்று பெரிய டாக்டருக்குத் தீராத எரிச்சல்.

அதனால்தான் இந்த ஆய்வு. முப்பது பேருக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி. ஆரம்பத்தில் ஒரு கேள்வித்தாள், முடிவில் அதே கேள்வித்தாள். குரலால் படும் அவஸ்தைக்கு அவரவரே எண் போட வேண்டும். நான்கு என்றால் எப்போதும் அவஸ்தை. பூஜ்யம் என்றால் இல்லவே இல்லை. மொத்தத்தில் பதினெட்டு எண்ணாவது குறைந்தால்தான் பலன் என்று கணக்கு.

பாதிப் பேருக்காவது பலன் வராவிட்டால் இந்த அறையில் ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்று பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவார்.

இருபத்தொன்பது பேர் முடிந்தாயிற்று. பதினான்கு பேருக்குப் பலன். முப்பதாவது ஆள்தான் டீச்சர்.

கணக்கு டீச்சர். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கத்திக் கத்தி, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்ட குரல். முதல் நாள் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டியே காது போன மனிதர். காதுக்கருவி மாட்டினால் கிழவனாகிவிடுவேன் என்று வீம்பு வேறு. எதைக் கேட்டாலும் "என்ன?" என்றார்.

"ஸ்கூல்ல அம்பது பேரு, வீட்டுல ஒருத்தரு. அந்த ஒருத்தராலதாம்மா தொண்டை போச்சு," என்றார் டீச்சர். தன்னைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கணவர் தலையாட்டிக்கொண்டார்.

தொண்டை மேடம் அன்று வாய்விட்டுச் சிரித்தாள். மற்றப் பயிற்சிகளோடு ஒரு கட்டளையும் போட்டாள்: வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் குரல் கொடுக்கவே கூடாது. எழுந்து போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

நடுவில் இரண்டு வாரம் டீச்சர் வரவில்லை. திரும்பி வந்த அன்று தொண்டை மேடம் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். டீச்சர் வாயே திறக்கவில்லை. குரலுக்கு ஓய்வு கொடுக்கிறார் போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது டீச்சர் எழுதி முடித்த தாளை நீட்டினார். வேண்டா வெறுப்பாகக் கூட்டினாள். ஐம்பத்தொன்று.

மறுபடி கூட்டினாள். ஐம்பத்தொன்றேதான். பழைய தாளில் எழுபத்தொன்று.

இருபது குறைந்திருக்கிறது.

அவளுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. குரல் அப்படியேதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அவஸ்தை குறைந்திருக்கிறதே, அது போதாதா? இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடம், கடை, போன், எல்லாவற்றுக்கும் அதே பழைய எண்கள். வீட்டைப் பற்றிய ஐந்து கேள்விகள் மட்டும் மாறியிருந்தன. வீட்டில் கூப்பிட்டால் கேட்பதில்லையா? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா? அதனால் சண்டை வருகிறதா? அன்று ஐந்துக்கும் நான்கு போட்டவர் இன்று ஐந்துக்கும் பூஜ்யம் போட்டிருந்தார்.

எல்லாம் தன் கட்டளையின் மகிமை. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"பாத்தீங்களா டீச்சர், கத்தாம பக்கத்துல போய்த் தொட்டுப் பேசினா எவ்வளவு வித்தியாசம்னு?"

டீச்சர் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஆமாம்மா. அன்னிக்குக் காலையிலயும் நீங்க சொன்ன மாதிரிதான், கூப்பிடாம போய்த் தோளைத் தொட்டேன். சில்லுனு இருந்தாரு."

அது ஒலிப்பதிவு அறை. வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது.

அந்த இரண்டு வாரம். அதற்குத்தான் திட்டியிருக்கிறாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து பூஜ்யங்களும் ஒரே அளவில், திருத்தமாக இருந்தன.

டீச்சர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டவர் போல முன்னால் குனிந்தார்.

"அந்த அஞ்சையும் விட்டுடலாம்னுதான் பாத்தேன். ஒரு கேள்வியை விட்டாலும் தாள் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னாள்தான். முப்பது பேரிடமும் அதைத்தான் சொன்னாள்.

மேஜை மேல் போன் அடித்தது. பெரிய டாக்டர். கடைசி ஆள் என்ன ஆச்சு என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். டீச்சரை மட்டும் பார்க்கவில்லை.

"பலன் இருக்கு சார்," என்றாள், ரொம்ப மெதுவாக.

அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. "என்ன?" என்றார்.

டீச்சர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவள் அதை இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.